குளத்துப் பக்கமிருந்து வந்த தண்ணீர்

அக்டோபர் 27

மழை இல்லை, புழுக்கம்தான். செய்தித்தாள் வந்ததும் முதலில் அணைகளின் நீர்மட்டத்தைப் பார்க்கிறேன்: பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு. என் முதியோர் வகுப்புப் பெண்களின் எழுத்தறிவுத் தேர்வுக்குத் தேதி இன்னும் வரவில்லை.

அக்டோபர் 29

எண் பாடத்தை இன்று மூடிவைத்துவிட்டேன். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம் என்று சிறுமியாக இருந்த நாளிலிருந்து எண்ணி வருகிற பெண்களிடம் ஒன்று, இரண்டு என்று தொடங்க மனம் வரவில்லை. சுளகை மடியில் வைத்துக்கொண்டுதான் வகுப்பில் உட்காருகிறார்கள். பேசினாலும் சிரித்தாலும் கை நிற்பதில்லை. கடையில் கழித்த பீடி போக மீதி எவ்வளவு என்று கேட்டால், நான் எழுதி முடிப்பதற்குள் விடை வந்துவிடுகிறது. 975 என்று எழுதத்தான் தெரியாது.

அதனால் பீடிக் கடைப் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பெரியம்மை ஒரு கட்டத்தில் விரல் வைத்து, "இது என்ன கணக்கு?" என்றாள். கொடுத்த இலையின் எடை. இலை போதாமல் கைக்காசு போட்டு வாங்கித்தான் இவர்கள் ஆயிரத்தை நிறைக்கிறார்கள். கேட்டால் "இந்த வாரம் இலை மோசம்" என்பார்கள். எடையைத் தாங்களே வாசித்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி கேட்டாள்: "எல்லா வாரமும் மோசமான இலையா வரும்?"

தூக்கம் வரவில்லை. இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது எழுத்து மட்டும்தான். கேள்வி அவர்களிடமே இருக்கிறது.

அக்டோபர் 30

குளத்தடித் தெரு மதினி வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாம்.

நவம்பர் 2

பெரியப்பா வீட்டுத் திண்ணைச் சுவரில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. கீழே கரிக்கோடு, 1992 நவம்பர் வெள்ளம். வெள்ளையடிக்க வருகிறவர்களிடம் அதை விட்டுவிட்டு அடிக்கச் சொல்வார். மேலே நீலப் பெயிண்டில் இழுத்தது 2023 டிசம்பர்.

அவருக்குத் தாமிரபரணி ஆறு தெரியும். தண்ணீரின் நிறத்தையும் மிதந்து வரும் செத்தையையும் பார்த்தே மேற்கே எவ்வளவு பெய்திருக்கும் என்று சொல்வார். அறுபது வருடம் கார், பிசானம் என்று இரண்டு போகமும் நெல் போட்டவர். அந்த அறிவை ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 2023 டிசம்பர் 17 அன்று அந்த அறிவுதான் அவரைத் திண்ணையில் உட்கார வைத்தது. "92லேயே இந்தப் படியைத் தாண்டவில்லை" என்று சொல்லிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடியே இருந்தார். தண்ணீர் பின்வாசல் வழியாக வந்தது. குளத்துக் கரை உடைந்துவிட்டது. பெரியம்மையை அடுத்த வீட்டு மாடிக்குத் தூக்கி ஏற்றும்போது அவள் கையில் ரேஷன் கார்டு மட்டும் இருந்தது.

1992இல் மலையில் பெய்தது ஆற்று வழியே இறங்கியது. 2023இல் மழை சமவெளியிலேயே கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்று, பயணிகள் நூற்றுக்கணக்கில் தவித்தார்கள். குளங்கள் வரிசையாக உடைந்தன. முன்னதற்கும் பின்னதற்கும் பெயர்தான் ஒன்று, வெள்ளம்.

இப்போது பெரியப்பா பீரோவை நீலக் கோட்டுக்கு மேலே செங்கல் அடுக்கி ஏற்றிவைத்திருக்கிறார். "இதற்கு மேல் வராது" என்கிறார். கோட்டைத்தான் மாற்றியிருக்கிறார், கோட்டை நம்புவதை விடவில்லை. ஆறு இருக்கும் திசையைத்தான் இன்னமும் பார்க்கிறார். எனக்கு அழுகை வந்தது.

நவம்பர் 4

அஞ்சல்வழிப் பாடத்தில் முதியோர் கல்வி பற்றிய அலகு. லிண்ட்மன் 1926இலேயே எழுதிவிட்டாராம், வளர்ந்தவர்களுக்கு அனுபவமே பாடநூல் என்று. மால்கம் நோல்ஸும் பெரியவர்கள் அனுபவத்தைச் சேமிப்பாகக் கொண்டுவருகிறார்கள் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன், பாஸ்புக் நாளில் நானே பார்த்தேன். ஆனாலும் பெரியப்பாவின் சுவர் கண்ணில் நிற்கும்போது அந்த வரிகள் பாதி உண்மையாகத்தான் படுகின்றன. ஜான் டூயி 1938இல் சொன்னது எனக்கு நெருக்கமாக இருக்கிறது: எல்லா அனுபவமும் கல்வி ஆவதில்லை; சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்கும் வழியையே அடைத்துவிடும்.

மெசிரோவை இரண்டாம் முறை வாசித்தேன். படிப்பை விட்டுப் பல வருடம் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களைப் பற்றி 1978இல் எழுதியவர். பழைய கண்ணோட்டம் செல்லாது என்று ஒரு நிகழ்ச்சி உலுக்கிக் காட்டும்போதுதான் மாற்றம் தொடங்குகிறது, ஆனால் உலுக்கல் மட்டும் போதாது, நான் ஏன் அப்படி நம்பினேன் என்று பிறரோடு பேசித் திரும்பிப் பார்க்க வேண்டும் என்கிறார். எங்கள் ஊரை உலுக்க அந்த டிசம்பரை விடப் பெரிதாக என்ன வேண்டும்? அதன் பிறகு நாங்கள் உட்கார்ந்து பேசினோமா? நிவாரணத் தொகையைப் பற்றித்தான் பேசினோம்.

நவம்பர் 6

விடிய விடிய மழை. வகுப்பு இல்லை.

நவம்பர் 7

இன்றும்.

நவம்பர் 9

கேட்டுவிட்டேன். "அந்த ராத்திரி தண்ணீர் வரப்போகிறது என்று முதலில் யாருக்குத் தெரிந்தது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆடு கத்தியது, கரண்ட் போனது, மாதா கோயில் மணி. மதினி கடைசி வரை பேசவில்லை. பிறகு சுளகைக் கீழே வைத்தாள். இந்த வகுப்பில் அவள் கை நின்றதை இன்றுதான் பார்த்தேன்.

மதியமே மடைக்குப் பக்கத்தில் கரை கசிந்ததாம். முதலில் தெளிந்த தண்ணீர், சாயந்தரம் கலங்கல். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். அவளுடைய அப்பா குளத்து மடை பார்த்தவர், அவரிடம் கேட்டு வளர்ந்தவள். ஓடிப்போய் ஆற்றுத் தெருவில் சொன்னாள். "ஆற்றில் தண்ணீர் ஏறவே இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெரியம்மை தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கள் திண்ணையில்தான் சொன்னாள்" என்றாள்.

ஊரில் அனுபவம் இல்லாமல் போகவில்லை. யாருடைய அனுபவம் அறிவு, யாருடையது வெறும் புலம்பல் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. பெரியவர்கள் படிக்கும் இடத்தில் பேச வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். இதைத் தொடாமல் எழுத்தை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக என்னால் முடியாது.

நவம்பர் 10

மதினி சொன்னதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாகக் கரும்பலகையில் எழுதினேன். இன்றைய பாடம் அதுதான்.

கரை கசிந்தது. தண்ணீர் கலங்கி வந்தது. நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கரை உடைந்தது.

'கசிந்தது' எல்லோருக்கும் உடனே வந்துவிட்டது. 'உடைந்தது' என்பதை மதினி ஐந்தாறு முறை எழுதினாள், யாரும் சொல்லாமலே.

நவம்பர் 12

பெரியப்பாவுக்குக் கோபம். "பீடி சுற்றுகிறவர்கள் கூடி எனக்கு வெள்ளம் சொல்லித்தருகிறீர்களா?" என்றார். பெரியம்மை பதில் சொல்லாமல் நோட்டைத் திறந்து அந்தப் பாடத்தை வாசித்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள், ஆனால் முழுவதும் வாசித்தாள். 'யாரும் கேட்கவில்லை' என்ற இடத்தில் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ராத்திரி சாப்பிடவில்லையாம்.

நவம்பர் 13

பெரியம்மை ஏற்கெனவே படித்தவள்! அறிவொளி எழுத்தறிவு இயக்கம் நடந்த காலத்தில், என் அம்மா கைக்குழந்தையோடு இருந்தபோது, தெருவிளக்கின் கீழே. 'பட்டா', 'படி' என்று தொடங்கினார்களாம். பெயர் எழுதக் கற்றாள். பிறகு எழுத ஒன்றும் இல்லாமல் மறந்துபோயிற்று. அந்த மறதிதான் அவளை இத்தனை நாள் தடுத்தது. "ஒரு தடவை படித்தும் மண்டையில் நிற்கவில்லை, எனக்கு வராது" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று அவளே சொன்னாள்: "நிற்காமல் இல்லை. வாசிக்க எனக்கு யாரும் ஒன்றும் தரவில்லை."

பாலோ ஃப்ரேய்ரே என்ற கல்வியாளர் 1963இல் பிரேசிலின் வடகிழக்கில் ஆங்கிகோஸ் ஊரில் நடத்திய வகுப்புகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 40 மணி நேரத்தில் சுமார் 300 பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றாடம் அவர்கள் வாயில் புழங்கிய சொற்களை வைத்தே எழுத்து, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைப் பற்றியே பேச்சு. அடுத்த வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள். எழுத்துக்காக யாரும் சிறையில் போடமாட்டார்கள். பேச்சுக்காகத்தான்.

நவம்பர் 16

பெரியப்பா காலையில் மதினியோடு குளத்துக் கரையில் நடந்துகொண்டிருந்தார். எதிரில் பார்த்தும் என்னோடு பேசவில்லை. மதினி குனிந்து எதையோ காட்டினாள்; அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

நவம்பர் 18

2023இல் அடைத்த இடம் மறுபடியும் கசிகிறது. தெளிந்த தண்ணீர்தான். மனு எழுதுவது என்று முடிவு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள். வாசகத்தை வகுப்பே சொல்லியது, நான் எழுதினேன். மதகின் உயரம், கரையின் அகலம், எந்தப் பனைமரத்திலிருந்து எந்தப் பனைமரம் வரை என்பதெல்லாம் பெரியப்பா சொல்லியனுப்பியவை.

கையெழுத்துப் போடும்போது ஆச்சி மட்டும் பேனாவை வாங்கவில்லை. முன்பு யாரோ நீட்டிய தாளில் கைநாட்டு வைத்து, தான் வாங்காத கடனை வருடக்கணக்கில் அடைத்தவள். "நானே வாசித்துவிட்டுத்தான் போடுவேன்" என்றாள். நான் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். "அன்றைக்கும் ஒருவர் சத்தமாகத்தான் வாசித்துக் காட்டினார்" என்றாள். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 20

ஆச்சி முதல் பத்தியை முடித்துவிட்டாள். 'பெறுநர்' என்றால் யார் என்று பேரனை அனுப்பிக் கேட்டாள்.

நவம்பர் 22

இரண்டாம் பத்தி. 'மதகு' வந்துவிட்டது, 'நீர்வளத்துறை' வரவில்லை. வேறு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம், இவளுடைய கையெழுத்து இல்லாமலே போகலாம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். மதினி ஒப்புக்கொள்ளவில்லை. பெரியப்பா பொழுது சாய்வதற்குள் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், இன்னும் கலங்கவில்லையாம். தெற்கு வங்கக்கடலில் புதிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகலாம் என்று வானொலியில் சொல்கிறார்கள். பஸ் திங்கட்கிழமை காலை ஏழரைக்கு. ஆச்சி வீட்டில் விளக்கு எரிகிறது. போய்க் கேட்கலாமா வேண்டாமா என்று