கூட்டத்தை ஒதுக்கிவிட நின்றவன்

சூப்பர் ஹீரோ கூட்டணி என்றால் எனக்கு இன்றும் 'ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்' தான். 2001-இல் ஏழு பேரோடு தொடங்கிய கார்ட்டூன், 2004-இல் இந்தப் பெயருக்கு மாறியபோது ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டது. இத்தனை பேரை வைத்து என்ன செய்வார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

அப்புறம் பூஸ்டர் கோல்ட் என்ற ஓரத்து ஹீரோவின் எபிசோட் வந்தது. சூப்பர்மேன், வொண்டர் வுமன் எல்லாம் மோர்ட்ரு என்ற மந்திரவாதியோடு மோதுகிறார்கள். பூஸ்டருக்குக் கிடைத்த வேலை, ஜனங்களை ஒதுக்கிவிடுவது. பெரிய சண்டை பின்னணியில் துண்டு துண்டாகத்தான் தெரியும். கதை முழுக்க இவனோடுதான் ஓடுகிறது. ஒரு விஞ்ஞானியின் உடம்புக்குள் கருந்துளை! ஊரையே விழுங்க இருந்ததை இவன் தடுக்கிறான். பெரியவர்கள் யாருக்கும் தெரியாது, கடைசியில் திட்டுதான் விழுகிறது. பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

இதே கார்ட்டூனில் 'கிரீன் லான்டர்ன்' என்ற ஹீரோவாக வரும் ஜான் ஸ்டூவர்ட்டையும் சொல்லியாக வேண்டும். 1971 முதல் காமிக்ஸில் இருந்தவர். ஆனால் எங்கள் வயதுக்காரர்கள் பலருக்குக் கிரீன் லான்டர்ன் என்றால் அவர் முகம்தான், இந்தக் கார்ட்டூனால்.

உங்கள் மனதில் நிற்கும் ஓரத்து ஹீரோ யார்? சொல்லுங்கள்.