ஷகாரி ரிச்சர்ட்சனும் அந்த ஒரு மாதமும்

2021 ஜூன், யூஜின் நகரில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டி. 100 மீட்டரை 10.86 விநாடியில் ஓடி முடித்த அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஷகாரி, ஆரஞ்சு நிற முடியோடு பார்வையாளர் படிக்கட்டில் ஏறிப்போய்ப் பாட்டியைக் கட்டிக்கொண்டாரே, அது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பெற்ற தாய் இறந்து ஒரு வாரம்கூட சரியாக ஆகியிருக்காது. அந்தச் செய்தியையே பேட்டி எடுக்க வந்த நிருபர் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். வயது 21.

அப்புறம் ஊக்கமருந்துச் சோதனையில் கஞ்சா தெரியவந்தது. கஞ்சாவுக்குப் போட்டிக் காலத்தில் மட்டும்தான் தடை, ஒரிகன் மாநிலத்திலோ பெரியவர்கள் அதைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமே இல்லை, ஸ்டீராய்டு மாதிரி தசையை ஏற்றிவிடுகிற பொருளும் கிடையாது. ஆனாலும் விதி விதிதான். தெரிந்தேதான் செய்தேன் என்று டிவியில் அவரே ஒப்புக்கொண்டார். மூன்று மாதத் தடை, ஆலோசனைத் திட்டத்தில் சேர்ந்ததால் ஒரு மாதமாகக் குறைந்தது.

ஒரு மாதம்தானே என்று தோன்றும். ஆனால் தேர்வுப் போட்டியில் ஓடிய ஓட்டமே கணக்கில் இல்லாமல் போய்விட்டது, அதோடு டோக்கியோ ஒலிம்பிக் 100 மீட்டரும் போயிற்று. சரி, அதையாவது நான் ஏற்றுக்கொள்வேன். எனக்கு ஆறாதது தொடர் ஓட்டம்தான். 4x100 நடந்தபோது தடை முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது, இருந்தும் அணியில் அவர் பெயர் இல்லை. தண்டனை முடிந்த பிறகும் ஒருவரை வாசலிலேயே நிற்கவைப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை.

அந்த ஆகஸ்டில் திரும்பி வந்து ஓடிய முதல் பந்தயத்தில் கடைசி இடம். 2022 தேசியப் போட்டியில் 100 மீட்டர் முதல் சுற்றையே தாண்டவில்லை. அவ்வளவுதான், இனி எழமாட்டார் என்று பலர் பேசினார்கள், எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

2023 புடாபெஸ்ட், உலகத் தடகளப் போட்டி. அரையிறுதியில் மூன்றாவதாக வந்து, நேரக் கணக்கில் தப்பிப் பிழைத்து, இறுதியில் ஓரத்து ஒன்பதாவது லேனில் நின்றவர் 10.65 விநாடியில் உலக சாம்பியன் ஆனார். பாரிஸ் 2024இல் 100 மீட்டர் வெள்ளி.

அங்கேதான் அந்தத் தொடர் ஓட்டமும் வந்தது. கடைசிக் கட்டத்தில் பேட்டனை (கைமாற்றிக் கொடுக்கும் கோலை) வாங்கும்போது அமெரிக்கா பின்தங்கியிருந்தது. ஒவ்வொருவராகத் தாண்டி வந்து, கோட்டைத் தொடுவதற்கு முன் பக்கத்தில் ஓடியவர்களைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அப்போதுதான் டோக்கியோவில் அவர் பெயர் இல்லாத அந்தப் பட்டியல் என் மனதை விட்டுப் போனது.