முதல் கல்யாண ஆர்டருக்கு முன்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

நண்பர்களுக்குச் சும்மா படம் எடுத்துக் கொடுத்தவர், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு எடுக்கப் போகிறார் என்றால் கேமரா வாங்கும் கணக்கே வேறு. கெட்டிமேளம் கொட்டி மூன்று முடிச்சு விழச் சில விநாடிகள்தான். அந்த நேரத்தில் கார்டு எரர் காட்டினாலோ ஃப்ளாஷ் அடிக்காமல் போனாலோ, ஐயரிடம் இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. எனவே கையில் இருக்கும் பணம் முதலில் போக வேண்டியது, எது கெட்டாலும் வேலை நிற்காமல் இருப்பதற்கு. படத்தின் துல்லியத்துக்குச் செலவு செய்வதெல்லாம் அதன் பிறகு. கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு மண்டபக் கல்யாணத்தையும் ரிசப்ஷனையும் மனதில் வைத்துத்தான்.

மெகாபிக்சலைப் பற்றிக் கவலையே வேண்டாம். நம்மூர் ஆல்பத்தில் விரித்து வைத்த ஷீட் பெரும்பாலும் 12-க்கு 36 இன்ச். அதில் பாதிப் பக்கம் 12-க்கு 18. ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் 3600-க்கு 5400 பிக்சல்தான் தேவை. 24 மெகாபிக்சல் படம் 4000-க்கு 6000. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு மெகாபிக்சலுக்கும் கார்டிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் எடிட்டிங் நேரத்திலும் நீங்கள்தான் விலை கொடுக்கப் போகிறீர்கள்.

பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா) நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் இரண்டு கார்டு ஸ்லாட். ஒரே படம் இரண்டு கார்டிலும் ஏறும், ஒன்று கெட்டாலும் மற்றதில் இருக்கும். 2018-இல் வந்த சோனி ஏ7 மார்க் 3, 2020-இல் வந்த கேனான் ஆர்6, அதே ஆண்டு வந்த நிக்கான் இசட்6 மார்க் 2, மூன்றிலும் இரண்டு ஸ்லாட் உண்டு. மூன்றுமே செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. விலை இன்னும் குறைய வேண்டும் என்றால் 2014-இல் வந்த நிக்கான் டி750 டிஎஸ்எல்ஆர். அதிலும் இரண்டு எஸ்டி கார்டு போடலாம். கேனான் ஆர்8 இவற்றையெல்லாம் விடப் புதியது, படமும் பிரமாதமாக வரும், ஆனால் ஒரே ஸ்லாட், சின்ன பேட்டரி. கேனான் 6டி மார்க் 2, முதல் தலைமுறை நிக்கான் இசட்6 ஆகியவையும் ஒற்றை ஸ்லாட்தான். இவை இரண்டாவது பாடியாக வரட்டும். கல்யாணத்துக்கு முதல் பாடியாக வேண்டாம்.

இரண்டாவது பாடி கட்டாயம் வேண்டும். சொந்தமாக இல்லையென்றால் அன்றைக்கு வாடகைக்காவது எடுங்கள். அது பழைய மாடலாக இருக்கலாம், ஆனால் அதே கம்பெனி, அதே மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்), முடிந்தால் அதே பேட்டரியாக இருக்க வேண்டும். ஒன்று சோனி, இன்னொன்று கேனான் என்று வைத்தால், ஒரு பாடி படுத்த நேரத்தில் அதன் லென்ஸ்களும் சேர்ந்து படுத்துவிடும். இன்னொன்று: கிளம்புமுன் இரண்டு பாடியிலும் நேரத்தை விநாடி வரைக்கும் ஒன்றாக வையுங்கள். மூன்று நிமிட வித்தியாசம் இருந்தாலே எடிட் செய்யும்போது மாலை மாற்றுவதும் தாலி கட்டுவதும் முன்பின்னாகக் கலந்து நிற்கும்.

லென்ஸில் முதலில் வர வேண்டியது எஃப் 2.8 ஜூம், 24-70 அல்லது 28-75 எம்எம். எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸ் ஜூம் செய்ததும் எஃப் 5.6-க்குப் போய்விடும். 2.8-க்கும் 5.6-க்கும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம், வெளிச்சம் கால் பங்காகிவிடும். அதாவது ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200-இல் எடுக்க வேண்டிய படத்தை 12800-இல் எடுக்க வேண்டி வரும். கேமரா கம்பெனியின் லென்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. சோனி மவுன்ட்டுக்கு டாம்ரான் 28-75 இரண்டாம் தலைமுறை 540 கிராம்தான், நாள் முழுக்கத் தூக்கலாம். எம்எம் குறையக் குறைய அதிக அகலம் படத்தில் விழும். 28-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் சின்னது, மணமேடையில் பெரியது. வீடியோகிராஃபர், அவருடைய லைட், ஐயர், நாத்தனார் என்று எல்லோரும் நிற்கும் இடத்தில் பின்னால் நகர ஓர் அடிகூட இருக்காது. உங்கள் பக்கத்து மண்டபங்கள் சின்னவை என்றால் 24-இல் தொடங்கும் லென்ஸாகப் பாருங்கள்.

அடுத்தது 85 எம்எம் எஃப் 1.8. கேண்டிடுக்கு இதைவிடக் குறைந்த காசில் இவ்வளவு தரும் லென்ஸ் இல்லை. ஆனால் தாலி கட்டும்போது இதை 1.8-இல் திறந்து வைக்காதீர்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபுல் ஃப்ரேமில் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) ஃபோகஸுக்குள் நிற்கும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். பெண்ணின் கண் தெளிவாக இருக்கும், மாப்பிள்ளையின் கையும் தாலியும் மங்கிவிடும். அதே நேரத்தில் ஜூமை 35 எம்எம்-இல் வைத்து, எஃப் 4-இல், ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தால் 40 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும். முகம், கை, முடிச்சு மூன்றும் அதற்குள் அடங்கும். 70-200 எஃப் 2.8-ஐ முதல் ஆண்டு வாடகைக்கே எடுங்கள்.

இனி லைட். புதிதாக வருகிறவர்கள் பாடிக்குப் பணத்தையெல்லாம் கொட்டிவிட்டு ஏமாறுவது இங்கேதான். மொத்தத் தொகையில் பாடிக்கு 40 சதவீதத்தைத் தாண்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். ரிசப்ஷன் மேடையில் இருநூறு குடும்பம் ஏறினால், கண் மூடியதற்கு ஒன்று என்று சேர்த்து, நானூறிலிருந்து அறுநூறு ஃப்ளாஷ் அடிக்க வேண்டியிருக்கும். நாலு ஏஏ பேட்டரி போடும் ஃப்ளாஷ் ஃபுல் பவரில் ஒவ்வொரு அடிக்கும் இரண்டரை விநாடிக்கு மேல் காத்திருக்க வைக்கும். பேட்டரி இறங்க இறங்க அது இன்னும் நீளும். லித்தியம் பேட்டரி உள்ள கோடாக்ஸ் வி860 மூன்றாம் தலைமுறை ஒன்றரை விநாடியில் தயாராகிவிடும். ஒரு சார்ஜுக்கு ஃபுல் பவரில் 480 அடி என்பது கம்பெனிக் கணக்கு. இருந்தாலும் ஃபுல் பவரில் தொடர்ந்து அடித்தால் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துவிடும். ஐஎஸ்ஓவை 400-இலிருந்து 1600-க்கு ஏற்றுங்கள், ஃப்ளாஷ் பவர் கால் பங்கு போதும். மேடைக்குப் பின்னால் இருக்கும் அலங்காரமும் கறுத்துப் போகாமல் வெளிச்சமாக வரும்.

கேமரா தலையில் ஃப்ளாஷ் வைத்து நேராக அடித்தால் ஜரிகை வெளுத்துப்போய் பட்டுப்புடவையின் நிறம் செத்துவிடும். மேலே திருப்பி சீலிங்கில் பவுன்ஸ் செய்யலாம் என்றால், பெரிய மண்டபத்தின் சீலிங் எட்டாத உயரத்தில் இருக்கும், அல்லது கலர் துணி கட்டியிருப்பார்கள், அந்தக் கலர் முகத்தில் இறங்கும். மேடைக்கு ஒரு பக்கம், 45 டிகிரியில், ஆள் உயரத்துக்கு ஓரடி மேலே ஸ்டாண்டில் ஒரு ஃப்ளாஷ், அதற்கு ஒரு வெள்ளைக் குடை, கேமராவில் அதை அடிக்க வைக்கும் ட்ரிக்கர். இந்த ஒரு ஏற்பாடு ரிசப்ஷன் முழுவதையும் தாங்கும். ஸ்டாண்டின் காலில் மணல் பை கட்டாயம், குழந்தைகள் ஓடும் இடம். இங்கே டிடிஎல் (ஃப்ளாஷ் அளவைக் கேமராவே கணக்கிடும் முறை) தேவையில்லை, சொல்லப்போனால் தொல்லை. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியைப் பார்த்து ஒரு படத்தில் வெளிச்சத்தைக் குறைக்கும், அடுத்த குடும்பம் அடர்நிறத்தில் வந்தால் கூட்டும். ஸ்டாண்டும் ஜோடி நிற்கும் இடமும் மாறாதபோது மேனுவலில் வைத்துவிட்டால் அறுநூறு படமும் ஒரே அளவில் இருக்கும். அதனால் ஸ்டாண்டில் நிற்க விலை குறைந்த மேனுவல் ஃப்ளாஷே போதும், கோடாக்ஸ் டிடி600 மாதிரி. கேமராவுக்கு மேல் வைக்கும் ஒன்றுக்கு மட்டும் நல்ல காசு கொடுங்கள்.

எல்இடி லைட்டால் படத்தில் விழும் கோடு, பாடி வாங்கும்போதே சோதிக்க வேண்டிய விஷயம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான லைட் விநாடிக்கு 100 முறை மின்னி அடங்கும். ஷட்டரை 1/400 விநாடியில் வைத்தால் அந்த மினுக்கலின் ஒரு துண்டுதான் படத்தில் விழும். ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு, மூன்றாவதில் பாதி மஞ்சள் என்று வரும். 1/100 வைத்தால் ஒரு முழு மினுக்கலும், 1/50 வைத்தால் இரண்டும் உள்ளே வந்துவிடும். ஆன்டி ஃபிளிக்கர் வசதி உள்ள பாடி என்றால், மினுக்கலின் உச்சத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். சைலன்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டரை மண்டபத்தில் தொடவே வேண்டாம். சாதாரண சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். மேடைக்குப் பின்னால் எல்இடி வால் வைத்திருந்தால் அது வேறு கணக்கில் மின்னும், 1/100-இலும் கோடு வரலாம். கூட்டம் வருமுன் மேடையில் நின்று 1/50-இலிருந்து 1/160 வரை ஒவ்வொன்றாக எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, சுத்தமாக வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டை எடுக்க உட்கார்ந்தால் ஒரு படத்துக்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

கார்டு கணக்கு எளிது. 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) சுமார் 30 எம்பி என்றால் மூவாயிரம் படத்துக்கு 90 ஜிபி. 128 ஜிபி கார்டு ஸ்லாட்டுக்கு ஒன்று, மாற்று ஒரு ஜோடி. ஏ7 மார்க் 3-இல் ஒரு ஸ்லாட்தான் வேகமான யுஎச்எஸ் 2, மற்றது யுஎச்எஸ் 1. இரண்டிலும் ரா எழுதச் சொன்னால் மெதுவானதற்காக வேகமானதும் காத்திருக்கும். அட்சதை மழையில் விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும்போது பஃபர் (கார்டில் ஏறும் வரை படங்களைத் தாங்கும் நினைவகம்) நிறைந்து கேமரா நின்றுவிடும். ஒன்றில் ரா, இன்னொன்றில் ஜேபெக் என்று வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. பிளாட்ஃபாரக் கடையிலோ நம்ப முடியாத தள்ளுபடியிலோ கார்டு வாங்காதீர்கள். 128 என்று எழுதி உள்ளே 32 இருக்கும் போலிகள் உண்டு. புதுக் கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, முதல் நாளே ஓட்டிவிடுங்கள். ஃபார்மேட் எப்போதும் கேமராவில்தான். படங்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏறி, அதில் ஒன்று வேறு வீட்டுக்குப் போகும் வரை கார்டை அழிக்கக் கூடாது. 2 டிபி டிஸ்க் ஒன்றில் இருபது கல்யாணம் வரை அடங்கும், இரண்டாக வாங்குங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகும்போது உங்கள் கார்டு இரண்டு, உங்கள் லென்ஸ், ஃப்ளாஷ், ஒரு டார்ச் கொண்டு போங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து எஃப் 16-இல் ஒரு படம்: சாம்பல் புள்ளி தெரிந்தால் தூசு, துடைத்தால் போகும். கோடாகவோ திட்டாகவோ தெரிந்தால் சென்சாரில் கீறல், வேண்டாம். லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600-இல் பத்து விநாடி எக்ஸ்போஷர் வைத்தால் கெட்டுப்போன ஹாட் பிக்சல்கள் ஒளிரும். இரண்டு ஸ்லாட்டிலும் எழுதிப் பாருங்கள், ஒன்று வேலை செய்யாததால்தான் பலர் விற்கிறார்கள். லென்ஸை மாட்டி லேசாக அசைத்துப் பாருங்கள், மவுன்ட் ஆடக் கூடாது. கேமரா தலையில் உள்ள ஹாட் ஷூவில் ஃப்ளாஷ் அடிக்க வேண்டும். பேட்டரி வழுக்கி வெளியே வர வேண்டும், சிக்கினால் உப்பியிருக்கிறது. லென்ஸுக்குள் டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஷட்டர் கவுன்ட் (இதுவரை எத்தனை முறை ஷட்டர் அடித்தது) கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். வீடியோவுக்கே ஓடிய பாடியில் கவுன்ட் குறைவாக இருக்கும், சென்சாரோ பல நூறு மணி நேரம் சூட்டில் கிடந்திருக்கும். பாடியில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் திருட்டுப் பொருளாக இருக்கும் வாய்ப்பை யோசியுங்கள்.

புதிதாக வாங்கினால், பெட்டியில் இந்திய இறக்குமதியாளர் பெயரும் எம்ஆர்பி ஸ்டிக்கரும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது வெளியிலிருந்து வந்த சரக்கு, இங்கே வாரன்டி கிடைக்காது. கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால் பில்லில் உங்கள் நம்பரைப் போடச் சொல்லுங்கள், அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

வாடகைப் பொருளை முதல் நாள் மாலையே எடுத்துவிடுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் நல்ல 70-200 எல்லாம் முன்பே புக் ஆகியிருக்கும், அட்வான்ஸ் வாங்கிய அன்றே சொல்லி வையுங்கள். எடுக்கும்போது கண்ணாடி, மவுன்ட், ஹூட் எல்லாவற்றையும் செல்போனில் கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுத்துக்கொண்டால் திருப்பும்போது தகராறு வராது.

ஏசி அறையில் இருந்த கேமராவை விடியற்காலையில் நேராக மண்டபத்துக்குள் எடுத்தால் கண்ணாடி பனித்துவிடும். அரை மணி நேரம் முன்பே பையோடு, ஜிப்பைத் திறக்காமல், வெளியே வைத்துவிடுங்கள். ஹோமப் புகையும் மஞ்சள் தண்ணீரும் படும் இடத்தில் யுவி ஃபில்டர் உதவும். குத்துவிளக்குச் சுடரை நேராக எடுக்கும்போது மட்டும் கழற்றுங்கள், ஃபில்டரில் எதிரொளித்து இரண்டாவது சுடர் தெரியும். வேலை முடிந்ததும் பையிலேயே பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு வழி, அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் மூன்றும் சேர்ந்தால் போதும். மீட்டர் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிற்கட்டும். கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் பாடியை சர்வீஸ் சென்டரில் சென்சார் சுத்தம் செய்யக் கொடுங்கள். சும்மா கிடக்கும் சாமானைப் பலர் விற்கப் போடுவதும் அந்த மாதங்களில்தான், இரண்டாவது பாடி தேட அதுவே நல்ல நேரம்.