போபாலிலிருந்து பச்மடிக்கு: ஓவியப் பாறைகளைத் தேடி ஒரு சைக்கிள் பயணம்

மத்தியப் பிரதேசத்தில் போபாலை விட்டுத் தெற்கே இறங்கினால், விந்திய மலைத்தொடரில் தொடங்கி நர்மதையைத் தாண்டி சாத்பூரா மலைகள் வரை, ஓவியங்கள் தீட்டிய மணற்கல் பாறைகள் வழிநெடுக வந்துகொண்டே இருக்கும். இந்தப் பாதையை சைக்கிளில் கடந்ததால்தான் எனக்கு ஒன்று விளங்கியது. நிழல், நீர், கீழே சமவெளியைப் பார்க்கும் உயரம் ஆகிய மூன்றும் கூடும் இடத்தில்தான் ஓவியங்கள் இருக்கின்றன. வெயிலில் மிதித்து வந்தவன் உடல் தானாகவே ஒதுங்க விரும்பும் இடங்கள் அவை.

போபாலை விட்டு விடிவதற்கு முன்பே கிளம்பினேன். வழியில் போஜ்பூரில், போஜ மன்னர் காலத்துச் சிவன் கோவில் முற்றுப்பெறாமலே நிற்கிறது. கருவறை லிங்கத்தின் பிரம்மாண்டத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கடையில் ஒரு தட்டு போஹா (அவல் உப்புமா) சாப்பிட்டு, ஒபைதுல்லாகஞ்ச் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்தேன். லாரிகள் உரசிச் செல்லும் சாலை. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ரயில் பாதையைக் கடந்ததும், ஓவியப் பாறைகள் நிறைந்த பீம்பேட்கா குன்றுகளுக்கு ஏற்றம் தொடங்குகிறது. 1957இல் தொல்லியலாளர் வி.எஸ்.வாகன்கர் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக இந்தக் குன்றுகளைப் பார்த்து, ஸ்பெயினிலும் பிரான்சிலும் தாம் கண்ட குகைப் பாறைகளைப் போல இருக்கின்றனவே என்று தேடி வந்தார். அப்படித்தான் இந்த இடம் வெளியுலகுக்குத் தெரிந்தது. 2003இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நூற்றுக்கணக்கான பாறை ஒதுக்கிடங்களில் பதினைந்து மட்டுமே பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. அவற்றை நின்று பார்க்கவே ஒரு நாள் போதாது.

நான் அதிக நேரம் இருந்தது ‘விலங்குப் பாறை’யில். யானை, கடமான், காட்டெருமை, மான் கூட்டம் என ஒன்றன்மேல் ஒன்றாக விலங்குகள். அவற்றின் மேலேயே பிற்காலத்தவர் குதிரை வீரர்களையும் வரைந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே வெற்றுப் பாறை எவ்வளவோ இருக்க, முன்னோர் வரைந்த அதே இடத்தைத் தேடி வந்து வரைந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் திரும்பி வந்த சுவர் அது. ஓவியங்களின் வயதைவிட இந்தத் திரும்பி வருதல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இன்னொரு பாறையில், கொம்பு வைத்த பெரிய காட்டுப்பன்றி ஒரு மனிதனைத் துரத்துகிறது. பக்கத்தில் ஒரு நண்டு. வேட்டைக் கதையா, கனவா? எதுவானாலும், பயத்தை இவ்வளவு தெளிவாக வரைந்த கை அசாத்தியமானது.

பீம்பேட்காவின் பெருங்குகையில், 2021இல், டிக்கின்சோனியா என்னும் பல கோடி ஆண்டுப் பழமையான உயிரினத்தின் புதைபடிவம் கிடைத்ததாக ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. 2023இல் வேறு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து, அது பாறையில் ஒட்டியிருந்து உதிர்ந்த தேனடையின் தடம் என்று நிறுவினார்கள். முதலில் சொன்னவரும் அதை ஒப்புக்கொண்டார். அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இன்றும் அந்தப் பாறை முகடுகளில் மலைத்தேனடைகள் தொங்குகின்றன.

நர்மதையைக் கடந்தால் நர்மதாபுரம். ஊரை ஒட்டியே ஆதம்கட் குன்று. இங்கே வில்லேந்தியவர்களும் குதிரை வீரர்களும் மங்கிப்போய் இருக்கிறார்கள். பாறைகளில் பெயர் கிறுக்கியிருப்பதைப் பார்த்து வயிறு எரிந்தது. ஒரு முறை கீறினால் அந்த ஓவியம் திரும்ப வராது.

பிபரியாவைத் தாண்டியதும் சமவெளி முடிந்து மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. சிறிய கியரில் மூச்சு வாங்க மிதித்து மலை ஊரான பச்மடி சேர்ந்தேன். 1930களில் டி.எச்.கார்டன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்த ஓவியங்கள் இந்த மலைகளில்தான் இருக்கின்றன. தேன் எடுக்கும் காட்சிகளும் அவற்றில் உண்டு. பீம்பேட்காவில் தேனடைகளைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அந்த வேலையின் ஆபத்து நன்றாகவே புரியும்.

போக நினைப்பவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். பீம்பேட்கா ராதாபானி புலிகள் காப்பகப் பகுதியிலும் பச்மடி சாத்பூரா புலிகள் காப்பகப் பகுதியிலும் இருப்பதால், இருட்டியபின் சைக்கிள் ஓட்டாதீர்கள். பச்மடியில் காட்டுக்குள் இருக்கும் ஒதுக்கிடங்களுக்குப் போகும்முன் வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓவியங்களைத் தொடவே தொடாதீர்கள்; தண்ணீர் தெளித்துப் படம் எடுப்பவர்களைக் கண்டால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.