ஒரு டிராக்கின் பணம் எத்தனை வாசலில் கிடக்கிறது

பகலில் சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் சவுண்ட் எடிட்டர் வேலை, இரவில் சொந்தமாக எலக்ட்ரானிக் இசை. ஆறு வருடம் இப்படித்தான் ஓடியது. 2019இல் நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து சின்னதாக ஒரு லேபிள், அதாவது இசை வெளியிடும் நிறுவனம், தொடங்கினோம். இன்று அந்த லேபிளும் அதையொட்டி வரும் வேலைகளும்தான் என் வீட்டு வாடகையைக் கட்டுகின்றன. அந்த இடத்துக்கு வர மூன்றரை வருடம் ஆனது. அதில் பாதிக் காலம் காகித வேலையிலேயே போய்விட்டது. இதே பாதையில் இறங்குகிறவர்கள் அந்தப் பாதியையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எனக்குப் புரியாமல் இருந்தது, ஒரு டிராக்கில் இரண்டு உரிமை இருக்கிறது என்பதுதான். மெட்டும் இசைக்கோப்பும் கம்போசருடையவை. பதிவான ஒலி, பொதுவாகப் பதிவுக்குச் செலவு செய்தவருடையது, அதாவது லேபிளுடையது. எலக்ட்ரானிக் இசையில் ஒரே ஆள் ஒரே அறையில் உட்கார்ந்து இரண்டையும் செய்துவிடுவதால், இரண்டும் ஒன்றே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் இசையைத் தளங்களில் ஏற்றித்தரும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஸ்பாட்டிஃபையிலும் ஆப்பிள் மியூசிக்கிலும் டிராக் ஏறிவிட்டால் எல்லாப் பணமும் அந்த வழியாகவே வந்து சேரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒலிப்பதிவின் பங்கு மட்டும். கம்போசர் பங்குக்குத் தனியாக, கம்போசர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினர் ஆக வேண்டும், ஒவ்வொரு படைப்பையும் அங்கே பதிய வேண்டும். விண்ணப்பம் ஒன்றும் கடினமில்லை. நான்தான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, கம்போசர் தன் ராயல்டி பங்கை லேபிளுக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது என்று எழுதிவைத்தார்கள். அப்படிப் போராடி வாங்கிய பங்கைக் கேட்டு வாங்காமல் விட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இன்னொரு வாசல் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே இணைய வானொலிகளில் ஓடும் இசைக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு பணம் வசூலிக்கிறது. 50 சதவீதம் பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, மீதி 5 சதவீதம் உடன் வாசித்தவர்களுக்கான நிதிக்கு. லேபிளாகவும் கலைஞராகவும் இரண்டு வகையிலும் பதிய வேண்டும். ஆம்பியன்ட், அதாவது பின்னணியில் மெதுவாக ஓடும் சூழல் இசை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். அந்த வகை இசைதான் அத்தகைய வானொலிகளில் அதிகம் ஓடுகிறது என்பது என் அனுபவம்.

பெரிய அடி ஐஎஸ்ஆர்சி எண்ணில் விழுந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் உரிய 12 எழுத்து எண் அது, டிராக்கின் ஆதார் எண் மாதிரி. எங்கள் முதல் டிஸ்ட்ரிபியூட்டர் அதைத் தானாகவே போட்டுக்கொடுத்தது, நான் குறித்துவைக்கவில்லை. பணம் தாமதமானதால் வேறு இடத்துக்கு மாறினோம். பழைய பட்டியலை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். புது எண்கள் விழுந்தன. இரண்டு வருடம் கேட்கப்பட்ட கணக்கு மொத்தமும் பூஜ்யம். கேட்பவர்கள் சேமித்துவைத்திருந்த பிளேலிஸ்ட்களிலிருந்தும் டிராக்குகள் காணாமல் போயின. அன்றிரவு தூக்கமே வரவில்லை. மாறும்போது பழைய எண்ணையே போட வேண்டும், புதியது ஏறிய பிறகே பழையதை நீக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு டிராக்குக்கும் எண், கால அளவு, பங்காளிகள், பங்கு சதவீதம் எல்லாம் ஒரே தாளில் எழுதிவைக்கிறோம்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நிறுவனங்களுக்கு, நாம் வெளிநாட்டவர் என்று காட்டும் டபிள்யூ-8பென் வரிப் படிவம் கொடுக்காவிட்டால் அந்நாட்டு ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள். கொடுத்தால் இருநாட்டு ஒப்பந்தப்படி 15. இங்கே நிகழ்ச்சிகளில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், அது நம் பெயரில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். ஓர் ஏற்பாட்டாளர் என்னிடம் பிடித்ததை அரசுக்குக் கட்டவே இல்லை, ஏழு மாதம் துரத்தினேன்.

சரி, பணம் எதிலிருந்துதான் வருகிறது? எனக்கு நூறு ரூபாய் வந்தால் அதில் ஏறக்குறைய 45 விளம்பரங்களுக்கும் கேம்களுக்கும் செய்யும் இசையிலிருந்து. 25 நிகழ்ச்சிகளில், அதுவும் சென்னையைவிட பெங்களூரில்தான் அதிகம். 15, ஏபிள்டன் என்ற இசை மென்பொருளைச் சொல்லித்தரும் வகுப்புகளில். கேட்பவர்கள் ஆல்பத்தை நேரடியாக விலைக்கு வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் 10, ஸ்ட்ரீமிங்கில் 5. ஆனால் விளம்பர வேலை தருகிறவர்கள் என்னைக் கண்டுபிடித்தது எங்கள் ஆல்பங்களைக் கேட்டுத்தான். அதனால் லேபிளை நஷ்டக் கணக்கு என்று என்னால் சொல்ல முடியாது. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, 2020இல் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்ற குறிப்பிட்ட நாட்களில் அதையும் விட்டுவிடுகிறது. வாங்கியவரின் மின்னஞ்சலும் நமக்குக் கிடைக்கிறது. ஸ்பாட்டிஃபையிலோ 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடாத டிராக்குக்குப் பங்கே கிடையாது. சிறு லேபிள்களுக்கு இது அநியாயம் என்றே நினைக்கிறேன். 999 முறை கேட்டதும் கேட்டதுதானே?

கடைசியாக ஒப்பந்தம். 2022இல் மதுரைப் பக்கம் ஓர் உறுமிக் கலைஞரை ஒருநாள் முழுக்கப் பதிவு செய்தோம். வளைந்த குச்சி தோலில் உரசும்போது எழும் அந்த முனகலை எந்த சிந்தசைசரிலும் நான் கேட்டதில்லை. இதுபோன்ற வேலைக்கு நாள்கூலி கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். நாங்கள் கூலியும் கொடுத்தோம், அவர் வாசித்த டிராக்குகளில் 25 சதவீதம் பங்கும் எழுதினோம். தாளக்கட்டு அவருடையது என்பதால் கம்போசராகவும் அவர் பெயரைச் சேர்த்தோம்.

"கையெழுத்து கேக்குறீங்களே தம்பி, நான் ஏதும் கட்டணுமா?" என்றார்.

"இல்லண்ணே, வர்றதுல உங்களுக்குப் பங்கு" என்று தாளை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். உரிமை எங்களுக்கு ஐந்து வருடத்துக்கு மட்டும் என்பதையும் சொன்னேன். காலம் எழுதாவிட்டாலும் சட்டம் ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளும், ஆனால் எழுதிவிடுவது நல்லது.

எட்டு மாதம் கழித்து 3,140 ரூபாய் அனுப்பினேன். அன்று மாலையே போன் வந்தது. "போன வருசம் அடிச்சதுக்கு இப்ப காசு வருதா?" என்று இரண்டு முறை கேட்டார். இப்போது அவருடைய ஐபிஆர்எஸ் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருக்கிறோம். பான் அட்டை வந்துவிட்டது. வங்கியிலிருந்து காசோலைப் புத்தகம்தான் இன்னும் வரவில்லை, வந்ததும் மகளிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.