இருபத்தாறு வயதில் டிஸ்லெக்சியா சான்றிதழ்: தம்பிக்காக அலைந்தது

தம்பிக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு. அதற்கான சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்த மருத்துவமனைக் கவுன்ட்டரில் கேட்ட பேச்சு இன்னும் ஆறவில்லை. "இருபத்தாறு வயசு ஆளுக்கு என்னம்மா டிஸ்லெக்சியா? அதெல்லாம் ஸ்கூல் பிள்ளைங்களுக்குத்தான்." தம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாட்டு வகைகளில் இந்தக் கற்றல் குறைபாடும் ஒன்று. 2018இல் வந்த வழிகாட்டுதல், 8 வயதிலிருந்து சான்றிதழ் தரலாம்; 14, 18 வயதுகளில் மறுபடி பார்க்க வேண்டும்; 18இல் தருவது ஆயுளுக்கும் செல்லும் என்றது. பள்ளியில் யாருமே கவனிக்காமல் விடப்பட்டு வளர்ந்துவிட்டவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கற்றல் குறைபாட்டைக் கண்டறிய பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய பரிசோதனைத் தொகுப்பு 5 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கானது. இவனை எதை வைத்துப் பார்ப்பது என்று உளவியலாளரே தயங்கினார்.

கைகொடுத்தவை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய நோட்டுகள். ஐந்தாம் வகுப்பு நோட்டில் 'பள்ளி' எல்லாம் 'பல்லி'. கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. சிறுவயதிலிருந்தே இருக்கும் சிக்கல் என்பதற்கு அதுதான் சாட்சி. தயவுசெய்து பழைய நோட்டுகளைப் பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கண், காது பரிசோதனை முடிவுகளையும் முதலிலேயே எடுத்துப் போங்கள். அவை இல்லையென்று எங்களைத் திருப்பி அனுப்பியதில் அவனுக்கு ஒரு நாள் கூலி போனது. நுண்ணறிவுச் சோதனையும் ஆன்லைன் பதிவும் சிக்கலில்லாமல் முடிந்தன.

சொல்லிக்கொடுக்கச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அணில், ஆடு போட்ட புத்தகத்தைக் கண்டாலே அவன் முகம் சுருங்கும். அதனால் அவன் வேலை செய்யும் பைக் ஒர்க்‌ஷாப்பின் பில்களையே பாடமாக்கினேன்: செயின், பிரேக், கேபிள். 'செ' என்பதில் காதில் முதலில் விழுவது 'ச்'. கை முதலில் எழுதுவதோ கொம்பு. அங்கேதான் அவன் தடுமாறினான். உப்புத்தாளில் விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்ல வைத்ததும் பிடிபட ஆரம்பித்தது. ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒன்று நன்றாகப் படிந்த பிறகே அடுத்தது. இப்போது கடையில் பாதி பில்கள் அவன் கையெழுத்தில்தான் போகின்றன!

அப்புறம், பத்தாம் வகுப்புக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். ஒரு பதிவு 5 ஆண்டுகள் செல்லும், தேர்வெழுத 9 வாய்ப்புகள் உண்டு. அவனுக்கு இந்த நிதானம்தான் வேண்டும். தேர்வில் மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். தேர்வு நெருங்கட்டும் என்று இருந்துவிடாமல் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வையுங்கள்.