குரூப் 4-க்கு நானும் என் போனும்

மே 2, 2025, வெள்ளி

அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு அறிவிப்பு போன வாரம் வந்துவிட்டது. 3,935 இடங்கள், ஜூலை 12 தேர்வு. அன்றிலிருந்து டெலிகிராம் படிப்புக் குழுக்கள் எல்லாம் கல்யாண வீடு மாதிரி இருக்கின்றன. "இந்த வாட்டி எத்தனை பேர் போடுவாங்க?", "கட்-ஆஃப் எவ்வளவு போகும்?", "அந்த பிடிஎஃப் யார்கிட்ட இருக்கு?" விண்ணப்பிக்கக் கடைசி நாளே இன்னும் வரவில்லை, கட்-ஆஃப் சொல்ல ஆள் வந்தாயிற்று.

போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படி என்கிறார் அண்ணி. நடக்கிற காரியமா? சமச்சீர் பள்ளிப் புத்தகங்களில் பாதி எனக்குப் போனில்தான் இருக்கின்றன. கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் கிடையாது, கணக்குக்கு யூடியூப்தான் வாத்தியார். போன் இருக்கட்டும். அதில் எது இருக்கப் போகிறது, எது போகப் போகிறது என்று தேர்வு வரை இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 5, திங்கள்

டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் ஏ, பி, சி, டி தாண்டி ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. ஈ: விடை தெரியவில்லை. அதை வைத்து ஒரு சோதனை. ரஃப் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, போனை எடுக்கும்போதெல்லாம் எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதினேன். கணக்கு வீடியோ. அம்மா அழைப்பு. டியூஷன் பிள்ளையின் அப்பா. காரணம் சொல்ல முடியாவிட்டால், ஈ.

சாயங்காலம் பார்த்தால் பக்கம் முழுக்க ஈ மொய்த்துக் கிடந்தது.

அவை விழுந்த இடங்கள்தான் சுவாரசியம். களைத்துப் போய் எடுத்தது குறைவு. கூட்டுவட்டியில் மாட்டிக்கொண்ட இடம், 'சரியான இணையைத் தேர்ந்தெடு' வகைக் கேள்வி, புரியாத பத்தி, இங்கேதான் கை தானாகப் போயிருக்கிறது. கஷ்டமான இடத்திலிருந்து நழுவ ஒரு வாசல் வேண்டும், அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். இன்று ஈ கணக்கு கிடையாது. ஸ்டேட்டஸ் மொத்தமும் அழகர் உடுத்தி வந்தது பச்சைப் பட்டா சிவப்புப் பட்டா என்ற பேச்சுதான், நானும் ஒன்று விடாமல் பார்த்தேன். மதுரைக்காரிக்கு இதுகூட இல்லையென்றால் எப்படி.

மே 18, ஞாயிறு

யூடியூபை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அக்கவுண்ட் அமைப்புகளில் 'வாட்ச் ஹிஸ்டரி'யை நிறுத்தி, பழையதையும் அழித்தால் முகப்புப் பக்கம் காலியாகிவிடுகிறது. 2023-இல் வந்த மாற்றம் இது. திறந்தால் தேடும் பெட்டி மட்டும் இருக்கும். 'வேலையும் நேரமும்' என்று கணக்குப் பாடத்தைத் தேடினால் அதுதான் வரும். சமையல் போட்டியும் அரசியல் சண்டையும் வாசலில் நிற்பதில்லை.

ஓட்டைகளும் உண்டு. ஓடுகிற வீடியோவுக்குக் கீழே பரிந்துரைகள் இன்னமும் வருகின்றன. பாதியில் விட்ட வகுப்பு எந்த நிமிடத்தில் நின்றது என்று யூடியூப் நினைவு வைத்துக்கொள்வதில்லை, நோட்டில் குறித்துக்கொள்கிறேன். ஒரு ஆசிரியரின் கணக்கு வகுப்புகளை வரிசையாக ப்ளேலிஸ்ட்டில் போட்டு வைத்திருப்பதால் பெரிய சிரமம் இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, வீட்டில் இனி எல்லோருக்கும் நேரம் மிச்சம் என்று அப்பா சொன்னார். அடுத்த மாதமே ரீல்ஸ் வந்து நின்றது.

இன்ஸ்டாவை எடுத்துவிட்டதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. ரீல்ஸ் பார்க்கும்போது நேரம் போகிறது என்று நமக்கே தெரியும், உள்ளுக்குள் உறுத்தும். உறுத்தாமல் நேரத்தைத் தின்பது படிப்பு வேஷத்தில் வருவதுதான். 'அதிகாலை 4 மணிக்கு எழுவது எப்படி', 'முதல் முயற்சியில் ஜெயித்தவரின் டைம்டேபிள்', 'கடைசி 40 நாள் திட்டம்'. பார்த்து முடிக்கும்போது ஏதோ படித்த திருப்தி வருகிறது. ஒரு குறள்கூட ஏறியிருக்காது. பிடிஎஃப் சேர்ப்பதும் இதே ரகம். டவுன்லோடு முடிந்ததும் பாடமே முடிந்த மாதிரி ஒரு நிம்மதி.

அதனால் ஒரு சல்லடை வைத்திருக்கிறேன். பார்த்து முடித்த பிறகு அதிலிருந்து எனக்கு நானே ஒரு கேள்வி தயாரிக்க முடிகிறதா? முடிந்தால் படிப்பு. முடியாவிட்டால் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு தப்பில்லை, அதைப் படிப்புக் கணக்கில் எழுதுவதுதான் தப்பு.

இந்தச் சல்லடையில் டெலிகிராம் குழுக்கள் ஒன்றைத் தவிர எல்லாமே போயின. மிஞ்சிய குழுவில் தினமும் க்விஸ் போடுவார்கள், தொட்டதும் சரியா தப்பா என்று தெரிந்துவிடும். அரட்டைக்கு அங்கே அனுமதி கிடையாது.

ஜூன் 8, ஞாயிறு

குடும்ப வாட்ஸ்அப் குழு. இதிலிருந்து விலக முடியாது, விலகினால் பெரியப்பா வீட்டுக்கே வந்துவிடுவார். ஆர்க்கைவில் போட்டுவிட்டேன், புதுச் செய்தி வந்தாலும் மேலே ஏறி வராது. சாப்பிடும்போது ஒரு பார்வை.

இன்று அதில் 'தேர்வு தள்ளிவைப்பு' என்று ஒரு படம், அப்பா அனுப்பியது. அவரைக் குறை சொல்ல முடியாது, மகள்மேல் அக்கறை. டிஎன்பிஎஸ்சி இணையதளத்தைத் திறந்து காட்டினேன், அப்படி எதுவும் இல்லை. "இனிமே உன்கிட்ட கேட்டுட்டுத்தான் அனுப்புவேன்" என்றார். பார்க்கலாம்.

ஜூன் 14, சனி

இதுவரை செய்ததில் உருப்படியானது இதுதான் என்று தோன்றுகிறது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். இரவில் ஆளுக்கொரு தலைப்பை இரண்டு நிமிட வாய்ஸ் நோட்டில் விளக்க வேண்டும், புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. மற்ற இருவரும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

நேற்று எனக்கு சட்டப்பிரிவு 32, அடிப்படை உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்பது. அம்பேத்கர் அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று சொன்னது, நீதிமன்றம் பிறப்பிக்கும் ஐந்து நீதிப்பேராணைகள் (ரிட்), எல்லாம் கடகடவென்று சொல்லிவிட்டேன். தோழி விடவில்லை: "தடையுறுத்தும் ஆணைக்கும் ஆவணக் கேட்புக்கும் என்னடி வித்தியாசம்?" புத்தகத்தைத் திறந்துதான் சொல்ல முடிந்தது. கீழ் நீதிமன்றம் எல்லை மீறுகிறபோது, தீர்ப்புக்கு முன்பே நிறுத்துவது முதலாவது. தீர்ப்பு வந்த பிறகு ரத்து செய்வது இரண்டாவது. இனி இது மறக்காது. எத்தனை வீடியோ பார்த்திருந்தாலும் இந்தக் கேள்வியை எந்த வீடியோவும் என்னிடம் திருப்பிக் கேட்டிருக்காது.

ஜூன் 21, சனி

நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். போட்டித் தேர்வுக்காரர்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. எதிரில் இருந்த அக்கா போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்திருந்தார், கண் மட்டும் அதன்மேலேயே. 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். போன் சத்தமே போடாமல் மேசையில் கிடந்தவர்களைவிட, வேறு அறையில் வைத்தவர்கள் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு என் ரஃப் நோட்டு போதும்: போன் பையில் இருக்கிற நாளில் ஈ குறைவு.

இன்னொன்று. கீழே இழுக்க இழுக்க முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின். பிற்பாடு அவரே அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார். நம் பாடத்திட்டத்தில் இல்லை, நான் சேர்த்துக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

மாதிரித் தேர்வு. கை வலி. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 12, சனி

முடிந்தது. பொதுத்தமிழ் கடினம் என்று வெளியே வந்தவர்களில் பலர் சொன்னார்கள், நானும் அந்தக் கட்சி. மதியத்திற்குள் யூடியூபில் உத்தேச விடை நேரலைகள், ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு விடை. ஆணையத்தின் விடைக்குறிப்பு வரும் வரை எதையும் திறப்பதில்லை என்று மூன்று பேரும் ஒப்பந்தம். இன்ஸ்டாவைத் திரும்ப ஏற்றி, வயிறு முட்ட ரீல்ஸ் பார்த்தேன். பொழுதுபோக்குக் கணக்கில் எழுதியாயிற்று.

ஜூலை 15, செவ்வாய்

குரூப் 2 அறிவிப்பு வந்துவிட்டது. 645 இடங்கள், செப்டம்பர் 28 முதல்நிலைத் தேர்வு. பழைய டெலிகிராம் குழு ஒன்றிலிருந்து அதற்குள் அழைப்பு இணைப்பு, 'முழு பிடிஎஃப் தொகுப்பு' என்று. திறக்கவில்லை.

எங்கள் குழுவில் மட்டும் ஒரு மாற்றம். குரூப் 2 முதன்மைத் தேர்வில் விரிவாக எழுத வேண்டும் என்பதால், வாய்ஸ் நோட்டுக்குப் பதிலாக ஒரு பக்கம் கையால் எழுதிப் படம் எடுத்துப் போடலாம் என்கிறாள் தோழி. என் கையெழுத்தை அவள் இன்னும் பார்த்ததில்லை. நாளை என் முறை, தலைப்பு உள்ளாட்சி அமைப்புகள்.